முதல் கியர் மாப்பிள்ளை

புதன்கிழமை காலை, ஆடுகளுக்கு உப்புக்கட்டி வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், ஆஸ்கைரின் பழைய ஸ்டேஷன் வேகனில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. நடுவில் ஒரு வட்டம், அதன் இரு பக்கமும் விட்டுவிட்டு இழுத்த வளைகோடு. கூடவே 'டிங்' என்று ஒரு சத்தம் வேறு.

அதற்கு என்ன அர்த்தம் என்று ஆஸ்கைருக்குத் தெரியாமல் இல்லை. பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்று என்கிறது வண்டி. பேடுக்குள் ஒரு மெல்லிய கம்பியைப் புதைத்து வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் அந்தக் கம்பி, சுழலும் டிஸ்க்கில் உரசி அறுந்துபோகும். அறுந்ததும் விளக்கு எரியும். பிரேக் போய்விட்டது என்று அது சொல்வதில்லை. போகப்போகிறது, உனக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறேன் என்றுதான் சொல்கிறது. யோசித்துப் பார்த்தால் மிகவும் நல்ல மனசுள்ள விளக்கு. அதன் நல்ல மனசைப் பார்க்கும் நிலையில் ஆஸ்கைர் அப்போது இல்லை. ஏனென்றால் பக்கத்து இருக்கையில் அவர் மனைவி யோருன் உட்கார்ந்திருந்தார்.

"அது என்ன லைட்டு?"

"ஒண்ணுமில்ல. பிரேக் பேட்."

"பிரேக்கைப் போய் ஒண்ணுமில்லங்கிற?"

"இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும். டவுன்ல சொல்லி வச்சிடறேன், திங்கக்கிழமை சாமான் வந்துடும், மாத்திடலாம்."

"அப்ப திங்கக்கிழமை வரைக்கும் வண்டி முற்றத்துல நிக்கட்டும். அந்த லைட்டு அணையற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன். நீயும் ஏறக் கூடாது."

யோருன் அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். பெரிய பெரிய மீன்பிடிக் கப்பல்காரர்கள்கூட அவர் சொன்னால் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டுவார்கள். ஒரு முறை சொன்னதை அவர் மறுமுறை சொல்வதில்லை.

ஆனால் அது ஆடு இறக்கும் வாரம். கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த ஆடுகளையெல்லாம் சனிக்கிழமைக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அதற்கு முன்னால் மேலே வேலிக்கம்பம் கொண்டுபோக வேண்டும், நொண்டி ஆடுகளை டிரெய்லரில் ஏற்றிக் கீழே கொண்டுவர வேண்டும். யோருனின் சின்ன மின்சாரக் கார் டிரெய்லர் இழுக்காது. ஸ்டேஷன் வேகன் நின்றால் வேலையும் நின்றது.

ஆஸ்கைர் யோசித்தார். லைட்டு அணைய வேண்டும் என்றுதானே யோருன் சொன்னாள்? அவ்வளவுதானே? வண்டியைக் கொட்டகைக்குள் விட்டு, முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினார். பேடுக்குப் போகும் வயரை வெளியிலேயே வெட்டி, வண்டிப் பக்கம் இருந்த இரண்டு முனைகளையும் சுரண்டி, ஒன்றோடொன்று முறுக்கிக் கறுப்பு டேப்பைச் சுற்றினார். சாவியைத் திருப்பினார். எல்லா விளக்குகளும் ஒரு தடவை எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சளும் நல்ல பிள்ளையாக அணைந்தது. கம்பி அறுபடவே இல்லை என்று வண்டி நம்பிவிட்டது. இனி பேட் அடியோடு கரைந்தாலும் அது வாயைத் திறக்காது.

சாயங்காலம் யோருன் வந்து தானே சாவியைத் திருப்பிப் பார்த்தார்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணியாச்சு. கொட்டகையில ஒரு ஜோடி பேட் கிடந்துச்சு."

"இதுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லணுங்கறது" என்று சொல்லிவிட்டு யோருன் உள்ளே போனார். ஆஸ்கைருக்குக் கொஞ்சம் உறுத்தியது. திங்கட்கிழமை எல்லாம் மாற்றிவிடப் போகிறோம், நடுவில் ஓட்டப்போவது நான் மட்டும்தானே, எனக்குத் தெரியாத ரோடா என்று அந்த உறுத்தலைச் சமாதானப்படுத்தினார். தப்பு பண்ணுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஒரு 'தானே'யைப் போட்டுக்கொண்டு தூங்கப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை, நொண்டி ஆடுகளை ஏற்றிய டிரெய்லரோடு மலைமேல் இருந்து இறங்கும்போது முன்சக்கரத்தில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. கல் ஏதாவது சிக்கியிருக்கும் என்று முதலில் நினைத்தார். வீட்டு வாசலுக்கு வரும்போது அது கல் இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. போதும், இனி இந்த வண்டி நகரக் கூடாது என்று முடிவு செய்து, அதைக் கொட்டகைச் சுவரை ஒட்டி நிறுத்தினார். பின்னால் டிராக்டரைக் குறுக்கே விட்டார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இது வரைக்கும் ஒழுங்காகத்தான் செய்தார்.

அந்த நேரம் பார்த்து, மறுநாள் வேலைக்கு உதவ, பக்கத்துப் பண்ணை ஒட்முன் நாயோடு வந்து சேர்ந்தார்.

அந்த மலைமேட்டில் யாரும் வண்டியிலிருந்து சாவியை எடுப்பதில்லை. யார் முற்றத்தில் எந்த வண்டி நின்றாலும் சாவி அதிலேயே தொங்கும். வழி மறித்தால் நகர்த்திக்கொள்ளலாம், அவசரம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விட்டுப் பிறகு சொல்லலாம். சாவியை எடுத்துக்கொண்டு போகிறவன், உங்களையெல்லாம் நான் நம்பவில்லை என்று பலகை எழுதி மாட்டியவனுக்குச் சமம்.

"என்னப்பா ஆஸ்கைர், சாவிய பையில போடற?" என்றார் ஒட்முன். "திருட்டு பயமா? யாரைப் பாத்து? என்னையா, என் நாயையா?"

"அட, சும்மா… பழக்கதோஷம்."

"என்னைக்குடா வந்துச்சு இந்தப் பழக்கம்? டவுன்ல வீடு கீடு வாங்கிட்டியா?"

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யோருன் கேக் மாவு கலக்கும் சத்தம் கேட்டது. பிரேக் சரியில்லை என்று ஒட்முனிடம் ஒரு வார்த்தை சொன்னால் அது ஜன்னல் வழியாக உள்ளே போகும், புதன்கிழமைக் கதை வெளியே வரும். ஆஸ்கைர் சிரித்து மழுப்பிக்கொண்டே வண்டிக் கதவைத் திறந்து சாவியை இருந்த இடத்திலேயே செருகினார். குறுக்கேதான் டிராக்டர் நிற்கிறதே.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆஸ்கைரின் ஒரே மகள் இங்குன் டென்மார்க்கில் படிக்கப்போய், அங்கேயே எஸ்பென் என்பவனைக் கட்டிக்கொண்டாள். எஸ்பென் நல்ல பையன். பார்வை குறைந்தவர்களுக்குக் கண்ணாடி போட்டுத் தருகிற வேலை. சிரித்த முகம், சமையல் வரும், மகள் ரூனாவைத் தரையில் விடாமல் வளர்க்கிறவன். எல்லாம் இருந்தும் ஒரு குறை. அவன் தேசத்தில் மலை கிடையாது. 'வானமலை' என்று பேர் வைத்து ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை எங்கள் பக்கம் கொண்டுவந்து கொட்டகைக்குப் பின்னால் வைத்தால் ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தவன், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் ஃபியோர்டின் கரையில் படகுத்துறையில் தொடங்கி, பாறையைக் குடைந்து குடைந்து பண்ணைவரை ஏறும் அந்தக் கொண்டையூசிச் சாலையைப் பார்த்தால் என்ன ஆவான்? முதல் தடவையே முகம் வெளுத்துவிட்டது. அன்று போட்ட முதல் கியரை அவன் இன்றுவரை மாற்றவில்லை. ஏறினாலும் முதல் கியர், இறங்கினாலும் முதல் கியர். அவன் வண்டிக்குப் பின்னால் பால் லாரி, பஸ், சுற்றுலா வண்டி என்று வரிசை கட்டி நிற்கும். ஹாரன் சத்தம் எதிர்க்கரைவரை கேட்கும்.

"டென்மார்க்கு கீழ கிளம்பிட்டானாம், உருளைக்கிழங்க அடுப்புல வை. அவன் மேல வந்து சேரும்போது சரியா வெந்திருக்கும்" என்பது ஆஸ்கைரின் வழக்கமான நக்கல். மாப்பிள்ளையை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டென்மார்க்கு என்றுதான் கூப்பிடுவார். அவன் ஓட்டும் வண்டியில் ஏறியதும் இல்லை. நடந்தே போய்விடுவேன், சீக்கிரம் போய்ச் சேரலாம் என்பார். ஒவ்வொரு வருஷமும் ஆடு இறக்கிய அன்று விருந்து முடிந்ததும் வீட்டுக்காரர் எழுந்து நின்று உதவிக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். நன்றி சொல்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. சாப்பாட்டுக்கு நன்றி, வேலைக்கு நன்றி, வண்டியில் கூட்டிவந்ததற்கு நன்றி, போன தடவை பார்த்ததற்கு இந்தத் தடவை நன்றி. ஆஸ்கைர் எல்லோருக்கும் பேர்பேராகச் சொல்வார், நாய்களுக்கும் சொல்வார், கடைசியில் டென்மார்க்கு ஜோக் ஒன்றைச் சொல்லி உட்காருவார். மேஜையே குலுங்கும். எஸ்பெனும் சேர்ந்துதான் சிரிப்பான். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும் என்பதை யோருன் கவனித்திருக்கிறார். ஆஸ்கைர் கவனித்ததில்லை.

சனிக்கிழமை விடியும்போதே எல்லோரும் மலைக்குக் கிளம்பினார்கள். ஆடு இறக்கக் குடும்பத்தோடு வந்திருந்த இங்குனும் அப்பாவோடு போனாள். எஸ்பெனைப் பார்த்தால் ஆடுகளே குழம்பிப்போகின்றன என்று சொல்லி அவனை ரூனாவோடு வீட்டில் விட்டார்கள். மத்தியானம் முதல் மந்தை முற்றத்துக்குள் நுழைந்தபோது யாரோ ஒரு கதவை மூட மறந்தார்கள். விருந்துக்காகக் கொட்டகை வாசலில் வைத்திருந்த முட்டைக்கோஸ் பெட்டிகள் ஆடுகளின் கண்ணில் பட்டன. யோருன் துடைப்பத்தோடு ஓடிவருவதற்குள் காம்புகள்தான் மிச்சம்.

இந்தச் செய்தி ஆஸ்கைருக்குத் தெரியாது. அவர் கடைசி மந்தையைப் பட்டியில் அடைத்துவிட்டுக் கோப்பையோடு காபிக்காக முற்றத்துக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். டிராக்டர் கிணற்றுப் பக்கம் நின்றது. கொட்டகைச் சுவர் ஓரம் காலியாக இருந்தது.

"வண்டி எங்க?"

யோருன் சமையலறை வாசலில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "ஆட்டை முட்டைக்கோஸோட சாப்பிடலாம்னு பாத்தா, ஆடு நம்மள முந்திக்கிச்சு. கடைக்கு அனுப்பியிருக்கேன்."

"யாரை?"

"எஸ்பெனைத்தான். அவன் காரையும் என் காரையும் எல்லாரும் டிரெய்லர விட்டு அடைச்சு வச்சிருக்காங்க. பழைய வண்டிய எடுத்துட்டுப் போ, புதன்கிழமைதான் பிரேக்கு சரி பண்ணினதுன்னு சொன்னேன். நான்தான் டிராக்டரை நகர்த்திக் குடுத்தேன். ரூனாவும் கூடப் போயிருக்கா."

ஆஸ்கைரின் கையிலிருந்த கோப்பை எப்படிக் கீழே வைக்கப்பட்டது என்று அவருக்கே தெரியாது. போனை எடுத்து எஸ்பெனுக்கு அடித்தார். சமையலறைக்குள், ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில், சார்ஜரில் மாட்டியிருந்த எஸ்பெனின் போன் பாட ஆரம்பித்தது.

"ஆஸ்கைர், உன் மூஞ்சி ஏன் இப்படி ஆச்சு?"

"கிளம்பி எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பதான். ஏன்? என்ன பண்ணி வச்சிருக்க?"

பதில் சொல்ல அவர் நிற்கவில்லை. வாசலை ஒட்டி ஒட்முனின் பிக்கப் நின்றது. சாவி அதிலேயே இருந்தது. எந்தப் பழக்கம் தன் மாப்பிள்ளை கையில் அந்த வண்டியைக் கொடுத்ததோ அதே பழக்கம் தனக்கும் ஒரு வண்டியைக் கொடுக்கிறது என்று நினைக்கக்கூட அவருக்கு அப்போது நேரமில்லை. பிக்கப் சரளைக்கல்லை வாரியடித்துக்கொண்டு பறந்தது.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. அந்தச் சாலையை அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார், அப்படித்தான் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். இன்று கண்ணைத் திறந்துவைத்து ஒவ்வொரு வளைவின் ஓரத்தையும் பார்த்தார். பாறை விளிம்பில் நட்டிருக்கும் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றனவா, ஏதாவது ஒன்று இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. வெகு கீழே கறுத்த தண்ணீர்தான். காலையில் மலைக்குக் கிளம்பும்போது ரூனா தூக்கக் கலக்கத்தோடு வாசலில் நின்று கையை ஆட்டியது ஞாபகம் வந்தது. சிவப்புத் தொப்பியைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். அதைச் சரிசெய்துவிட்டு வந்திருக்கலாம். ஆஸ்கைர் கிறிஸ்துமஸுக்கு மட்டும் தேவாலயம் போகிறவர், அதுவும் யோருனின் தொல்லைக்காக. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே கேட்டார். "என்னை என்ன வேணாலும் பண்ணு. அந்தக் குழந்தையை விட்டுடு. அவனையும் விட்டுடு."

சாலையில் பாதி இறங்கியதும் பிரேக் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. இங்கே பிறந்தவன் எவனாக இருந்தாலும் மூன்றாவது கியரில் இறங்கி, வளைவுக்கு வளைவு பிரேக்கை ஒரு மிதி மிதித்துத்தான் திரும்புவான். அவரே அப்படித்தான். அவர் மட்டும் இன்று அந்த வண்டியை எடுத்திருந்தால் இரண்டாவது வளைவு தாண்டியிருக்க மாட்டார். அது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அடுத்த வளைவில் திரும்பியதும் எதிரே ஒரு பெரிய வெள்ளைச் சுவர் நின்றது. ஜெர்மன்காரர்களின் சுற்றுலா வண்டி. அது நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது, நடைவேகத்தில் நகர்ந்தது. அதற்கு முன்னால் பால் லாரி. அதற்கு முன்னால் இரண்டு கார்கள், ஒரு மோட்டார் சைக்கிள். சாலை மடிந்து கீழே திரும்பும் இடத்தில், இந்த ஊர்வலத்துக்கெல்லாம் தலைவனாக, அவருடைய பழைய ஸ்டேஷன் வேகன் உறுமிக்கொண்டு ஊர்ந்தது. முதல் கியர். அந்த உறுமலை எங்கே கேட்டாலும் அவருக்கு அடையாளம் தெரியும்.

ஆஸ்கைரின் கண் நிறைந்துவிட்டது. வாழ்நாளில் எத்தனையோ தடவை அந்த வரிசையின் வாலில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையைத் திட்டியிருக்கிறார். இன்று அந்த வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதுபோல் அவர் என்றுமே சந்தோஷப்பட்டது கிடையாது. பால் லாரிக்காரன் ஹாரனை நீட்டி அடித்தான். "அடிக்காதடா மடையா" என்று ஆஸ்கைர் கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினார். "அவன் அவசரப்பட்டுடப் போறான்."

எஸ்பென் அவசரப்படவில்லை. ஹாரன் சத்தம் அவனுக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர்களில் முதல் ஆள் ஆஸ்கைர்தான்.

முந்திப் போக வழியில்லை. கூப்பிட்டால் கேட்காது. கடைசி ஆளாக, மிச்சமிருந்த வளைவுகள் முழுக்க, பின்னால் ஊர்ந்துகொண்டே வருவதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சைப் பிடித்தார், அந்த வண்டி திரும்பியதும் விட்டார். அவ்வளவு மெதுவாக அந்தச் சாலையில் அவர் இறங்கியதே இல்லை.

கீழே சமதளம் வந்தது. படகுத்துறையை ஒட்டிக் கடை. அது முட்டைக்கோஸ் காலம் ஆகையால் கடைக்காரர் வாசலில் ஆள் உயர அட்டைப்பெட்டி நிறைய முட்டைக்கோஸைக் குவித்து வைத்திருந்தார். ஸ்டேஷன் வேகன் கடைமுன் திரும்பியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கறகறவென்று ஒரு சத்தம் வந்தது, பிறகு அந்தச் சத்தமும் நின்றது, வண்டி மட்டும் சாவகாசமாக உருண்டுகொண்டே இருந்தது. உருண்டுபோய், அட்டைப்பெட்டியில் மூக்கை அழுத்தி நின்றது. பெட்டி கிழிந்து முட்டைக்கோஸ்கள் துறை முழுக்க ஓடின. இரண்டு தண்ணீரில் விழுந்தன.

ஆஸ்கைர் ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். ரூனா பெல்ட்டுக்குள் உட்கார்ந்து, ஓடும் முட்டைக்கோஸ்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். தொப்பி இன்னும் தலைகீழாகத்தான் இருந்தது.

"தாத்தா, அப்பா முட்டைக்கோஸ மோதிட்டாங்க."

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். விட முடியவில்லை. எஸ்பென் கை இரண்டையும் ஸ்டியரிங்கிலேயே வைத்து, வெளுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"ஆஸ்கைர், பெடல் அப்படியே தரைக்குப் போயிடுச்சு. ஹேண்ட் பிரேக்கைப் புடிச்சு இழுத்தேன். மன்னிச்சுக்கோங்க, உங்க வண்டி…"

"வண்டிய விடு. உனக்கு ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்ல. மேல மூணாவது வளைவுலயே ஒரு சத்தம் கேட்டுச்சு. உடனே அந்த பிரேக் லைட்டைப் பாத்தேன். எரியல. புதன்கிழமைதான் சரி பண்ணீங்கன்னு யோருன் வேற சொல்லியிருந்தாங்க. சரி, வண்டில ஒண்ணுமில்ல, பயத்துல என் காதுதான் கத்துதுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நிறுத்தலாம்னு பாத்தா பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. பயந்தேன். பயந்தா எனக்குத் தெரிஞ்சது முதல் கியர்தானே. வழி முழுக்க லைட்டையே பாத்துட்டு வந்தேன். கடைசி வரைக்கும் எரியல ஆஸ்கைர்."

ஆஸ்கைர் சக்கரத்தின் பக்கம் குனிந்தார். பேட் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை உழுது வைத்திருந்தது. அதன் கீழே பிரேக் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. கொஞ்சம் மேலே, எண்ணெயில் நனையாமல், புதன்கிழமை அவர் சுற்றிய கறுப்பு டேப் புத்தம் புதிதாக இருந்தது.

சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தார். அதற்குள் கடைக்காரர் முட்டைக்கோஸ் பொறுக்க ஆள் கூப்பிட, பால் லாரிக்காரன் இறங்கிவந்து என்ன ஆச்சு என்று கேட்க, எல்லோருமாகச் சேர்ந்து வேகனைத் தள்ளி ஓரம்கட்டினார்கள். பிக்கப்பில் முட்டைக்கோஸ் ஏறியது. ஆஸ்கைர் ஓட்டுநர் கதவைத் திறந்து, ஏறாமல், எஸ்பெனைப் பார்த்தார்.

"நீ ஓட்டு."

"நானா? நான் ஓட்டற வண்டில நீங்க ஏறவே மாட்டீங்களே."

"இன்னைக்கு ஏறுறேன்."

முதல் கியரில் ஏறினார்கள். ரூனா நடுவில், ஆஸ்கைர் ஜன்னலோரம். பின்னால் மூன்று வண்டி சேர்ந்தது, ஒருவன் ஹாரன் அடித்தான். ஆஸ்கைர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, பொறுடா என்று சைகை காட்டினார். எஸ்பென் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தான். முற்றத்தில் வண்டி நின்றதும் ஆஸ்கைர் இறங்கி, கதவைப் பிடித்தபடி, வண்டியில் வந்தவர்கள் எல்லோரும் ஓட்டியவருக்குச் சொல்லும் அந்தச் சாதாரண வார்த்தையைச் சொன்னார்.

"கூட்டிட்டு வந்ததுக்கு நன்றி."

ரூனாவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

யோருன் ஏறிட்டுப் பார்த்தார். போன வண்டி வரவில்லை, போன ஆட்கள் வந்துவிட்டார்கள், புருஷன் முகத்தில் ரத்தமில்லை. இது போதும் அவருக்கு. ரூனாவின் தலையைத் தடவிவிட்டு முட்டைக்கோஸை நறுக்க ஆரம்பித்தார். கத்தி பலகையில் விழும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் நீள மேஜையில் உட்கார்ந்தார்கள். முழு மிளகு போட்டுக் குழைய வேகவைத்த ஆட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் பெரிய பானையில் வந்தன. சாப்பிட்டு முடிந்ததும் வழக்கம்போல ஆஸ்கைர் கோப்பையைத் தட்டி எழுந்தார். ஒட்முனுக்கு நன்றி சொன்னார், பிக்கப்புக்குத் தனியாகச் சொன்னார். இங்குனுக்குச் சொன்னார். நாய்களுக்குச் சொன்னார். பிறகு பேச்சு நின்றது. எல்லோரும் சிரிக்கத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எஸ்பெனும் முகத்தில் அந்தச் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டான். இந்தத் தடவை ஆஸ்கைர் அதைக் கவனித்தார்.

"தாத்தா, அப்பா ஜோக் சொல்லலயா?" என்றாள் ரூனா.

"சொல்றேன் கண்ணு. இந்த வருஷம் ஜோக்கு அப்பாவைப் பத்தி இல்ல, தாத்தாவைப் பத்தி."

சொன்னார். புதன்கிழமை எரிந்த விளக்கு, வெட்டிய வயர், கறுப்பு டேப். யோருனிடம் சொன்ன பொய், ஒட்முன் கேலிக்கு வெட்கப்பட்டுத் திரும்பச் செருகிய சாவி. எதையும் குறைக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. இங்குன் ரூனாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒட்முன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். யோருன் மட்டும் கணவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறந்து சொல்ல வந்த விளக்கை நான்தான் வாயடைச்சேன்" என்றார் ஆஸ்கைர். "அது சொல்லாம விட்டும் குழந்தை பத்திரமா வந்து சேந்துருக்கான்னா, அது நான் இத்தனை வருஷமா எதைக் கேலி பண்ணேனோ அதனாலதான். நம்மள்ல யார் ஓட்டியிருந்தாலும் இன்னைக்கு இந்த மேஜையில ஆள் குறைஞ்சிருக்கும்." குரல் உடைந்தது. அவர் அதை மறைக்கவில்லை. "எஸ்பென், முதல் கியருக்கு நன்றி. நான் உனக்கு எவ்வளவோ கடமைப்பட்டிருக்கேன்."

பேர் சொல்லிக் கூப்பிட்டதை எல்லோரும் கேட்டார்கள். எஸ்பென் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோப்பையைத் தூக்கினான்.

"பயந்ததுக்கு இதுவரைக்கும் எனக்கு யாரும் நன்றி சொன்னதில்ல" என்றான்.

முதலில் யோருன்தான் சிரித்தார். பிறகு ஒட்முன், பிறகு மேஜை முழுக்க. எஸ்பெனும் சிரித்தான், கண்வரை. சிரிப்பு அடங்கியதும் யோருன் எழுந்து மாப்பிள்ளையின் தட்டில் இன்னொரு கரண்டி இறைச்சி வைத்தார். கணவரின் தட்டைத் தாண்டிப்போகும்போது நின்று, அதில் ஒரு துண்டு முட்டைக்கோஸை மட்டும் வைத்தார்.

"திங்கக்கிழமை சாமான் வந்ததும் நீ மாட்டு" என்றார். "சாவிய நான் திருப்பிப் பாக்கறேன். அப்புறம் எஸ்பென் ஓட்டிப் பாக்கட்டும். அவன் சரின்னு சொன்னாத்தான் சரி."

"சரி" என்றார் ஆஸ்கைர், முட்டைக்கோஸைச் சாப்பிட்டார்.